தரையை விட்டு எழும்பாத தட்டு

மாரித்தங்கத்தின் மகள் தன்யஸ்ரீயைத் துலாபாரத் தட்டில் உட்காரவைத்து, எதிர்த்தட்டில் எழுபது கிலோ கருப்பட்டி ஏற்றியும், பிள்ளை உட்கார்ந்திருந்த தட்டு தரையை விட்டு எழும்பாமல் போனது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. நேரம்கூட எங்களுக்கு ஞாபகம் இருப்பதற்குக் காரணம், பதினொரு மணிக்குப் பந்தி போடுவதாக இருந்தது, தட்டு எழும்பாததால் பந்தி தள்ளிப்போய்ப் பாயசம் அடிப்பிடித்துவிட்டது, அந்தப் பாயசத்தைப் பற்றி நாங்கள் பத்து நாள் பேசினோம்.

மந்தைக்கரை காளியம்மன் கோயில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே இரும்புத் தூலத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட பெரிய தராசு ஒன்று உண்டு. பிள்ளை பிறக்காதவர்களும், பிறந்த பிள்ளை தேறாதவர்களும், பிள்ளைக்கு வந்த காய்ச்சல் விடாதவர்களும் பிள்ளையின் எடைக்கு எடை கருப்பட்டி தருவதாக அம்மனிடம் நேர்ந்துகொள்வதும், சொன்ன வருஷம் வந்ததும் பிள்ளையை ஒரு தட்டில் வைத்து மறுதட்டில் கருப்பட்டியை ஏற்றி, இரண்டும் சமமாக நின்றதும் குலவையிட்டு இறக்குவதும் எங்கள் வழக்கம். அன்று காலை எட்டு மணிக்கு அதே தராசில் மேலத்தெருக் குழந்தை ஒன்று பதினாலு கிலோவுக்கு ஒரு கட்டி கூடாமல் குறையாமல் சரியாக நின்றது. தன்யஸ்ரீயின் எடை அறுபத்தொரு கிலோ. முந்தின நாளே அரிசிக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பது கிலோ கூடுதலாகவே வாங்கி வந்திருந்தார்கள்.

அவள் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். ஒரு கிலோ நூறு கிராம். பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்தொரு நாள் கிடந்தாள். மூக்கில் போட்ட குழாய் வழியாகத்தான் பால் இறங்கியது, அழக்கூடத் தெம்பில்லை. பெட்டிக்கு வெளியே நின்ற மாரித்தங்கம், இந்தப் பிள்ளையைத் தேற்றிக் கொடு தாயே, பத்து வயதில் இவள் எடைக்கு எடை கருப்பட்டி தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அதோடு யாரிடமும் சொல்லாமல் இன்னொன்றும் நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளை வாய்திறந்து பசிக்கிறது என்று சொல்லும்படி ஒரு நாளும் விடமாட்டேன் என்பது அது. முதல் நேர்ச்சைக்குப் பத்து வருஷம் இருந்தது. இரண்டாவதை அவள் அன்றைக்கே தொடங்கிவிட்டாள்.

மாரித்தங்கம் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை நிற்கிற வேலை, உட்கார்ந்தால் சூப்பர்வைசர் ஏசுவார், சாயங்காலத்துக்குமேல் முழங்காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அவள் கணவன் பொன்பாண்டி லைன் வேன் ஓட்டினான். சிப்ஸ், கேக், கலர் சோடா என்று கம்பெனிச் சரக்கைக் கிராமத்துப் பெட்டிக்கடைகளுக்குப் போட்டுவருகிற வேன். நசுங்கிய பாக்கெட்டுகளைக் கம்பெனி திரும்ப எடுக்காது, ஆகையால் அவை வீட்டுக்கு வந்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆள் இல்லை, தீனி இருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்தது, டிவிக்குப் பக்கத்தில் இருந்தது, பாடப்புத்தகத்துக்குப் பின்னால் இருந்தது, எழுந்து போகாமல் கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் எப்போதும் இருந்தது. ஐந்து மணிக்கு மாரித்தங்கம் கடையிலிருந்து போன் போடுவாள். சாப்பிட்டியா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று பிள்ளை சொல்லும். அதற்குள் ஒரு கஸ்டமர் வந்துவிடுவார்.

பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறாள், அம்மன் கண்ணைத் திறந்துவிட்டாள் என்றோம் நாங்கள். ஆறு வயதில் சொன்னோம், எட்டு வயதில் சொன்னோம், ஒன்பது வயதில் அவள் பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சுவாங்கியபோது கண் பட்டுவிட்டது என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொன்னோம். பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கருப்பு படர்ந்தபோது அழுக்கு என்றோம். மாரித்தங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலைமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு அந்தக் கழுத்தைத் தேய்த்தாள், எரியுது எரியுது என்று பிள்ளை அழுகிறவரைக்கும் தேய்த்தாள். வாரத்தில் அவள் பிள்ளையைத் தொட்ட நேரம் அதுதான்.

"சங்கிலி எங்கயோ பிடிக்கி. எண்ணெய் விடுங்கடே" என்றார் பூசாரி வேலாண்டி. எண்ணெய் விட்டார்கள். இன்னும் பத்து கிலோ ஏற்றினார்கள். நூறு ஆனது, நூற்றைம்பது ஆனது, ஊரில் இருந்த இரண்டு கடைகளிலும் கருப்பட்டி தீர்ந்து உடன்குடிக்கு ஆள் போய் ஏற்றிவந்து நானூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆனது. அவ்வளவு கருப்பட்டியையும் சுமந்துகொண்டு அந்தத் தட்டு வெறும் தட்டைப்போல நெஞ்சுயரத்தில் தொங்கி லேசாக ஆடியது. கீழே, தரையோடு தரையாக, புதுப்பாவாடை கட்டிய பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பையன்கள் சிரித்தார்கள். பெரியவர்களும் கொஞ்சம் சிரித்தோம்.

"அம்மா, நான் அவ்ளோ வெயிட்டா?" என்று தன்யஸ்ரீ கேட்டாள்.

மாரித்தங்கத்துக்கு வெட்கமாகவும் இல்லை, அழுகையும் வரவில்லை. கடையில் நூறு சுடிதாரை விரித்துப் போடச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போகிறவர்களைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுன கடன் பாதியில இறங்கப்பிடாது" என்று பூசாரி சொல்லிவிட்டார். "அம்மன் குடுத்ததைத் திருப்பிக் கேட்டுட்டான்னா நான் பொறுப்பில்ல." நாற்பத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவளிடம் இதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளை தட்டிலேயே இருந்தாள்.

இப்படியாக அது பழகிப்போனது. மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் தகரக்கொட்டகை போட்டார்கள், ஒரு வாரத்தில் மின்விசிறி வந்தது, பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்து தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். குளிக்கவும் மற்றதுக்கும் பிள்ளை இறங்க வேண்டுமே என்றபோது, ஆளுக்குப் பதிலாகக் காலில் கிடக்கிற கொலுசைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போகலாம், கோயில் வாசலைத் தாண்டக்கூடாது என்று பூசாரி ஒரு வழி சொன்னார். அப்படியே செய்தார்கள். கொலுசு மட்டும் இருந்தபோதும் தட்டு எழும்பவில்லை. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்த்துவிட்டு அம்மனின் சக்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டோம், அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை.

கருப்பட்டிக்கு எறும்பு வந்தது, எறும்புக்குப் பொடி போட்டார்கள், பொடி வாசத்துக்குப் பிள்ளை இருமினாள். வெளியூரிலிருந்து வேன் பிடித்து ஆட்கள் வந்தார்கள். பிள்ளை இருக்கிற இடத்துக்குக் கையை வீசிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை, ஆகையால் வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாக்கெட் கொண்டுவந்தார்கள். க்ரீம் பிஸ்கட், மைசூர்பாகு, காராச்சேவு, குச்சியில் குத்திய ஐஸ். எதிர்த்தட்டில் ஒரு கட்டி கருப்பட்டியைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, இந்தப் பக்கம் திரும்பி, ஐயோ பாவம் சின்னப்பிள்ளை என்று அவள் மடியில் பாக்கெட்டைப் போட்டார்கள். பிள்ளையின் தட்டை எங்கள் கையாலேயே கனமாக்கிவிட்டு, அதே தட்டு ஏன் எழும்பவில்லை என்று கேட்டோம். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், நான் கொண்டுபோனது தேங்காய் பன்.

புரட்டாசி பாதியில் சுகாதார நிலையத்து நர்ஸ் செல்வராணி வந்தாள். அவள் சாமி கும்பிட வரவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சோதிக்கிற பட்டியலில் ஒரு பேர் விடுபட்டுப்போனதால் வந்தாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள், பிள்ளையின் தலைமுடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள், தோல் உரிந்திருப்பதையும் பார்த்தாள்.

"யாருக்கா இதைத் தேச்சது?"

"நாந்தான். அழுக்குப் போவ மாட்டேங்கு" என்றாள் மாரித்தங்கம்.

"இது அழுக்கு இல்லக்கா. எத்தனை தேச்சாலும் போவாது. ஒடம்புக்குள்ள சர்க்கரை ஏறுதுன்னு கழுத்து சொல்லுது." பட்டியலில் ஏதோ குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பாக்கெட் தீனியும் கலரும் நிக்கணும். பிள்ளை நடக்கணும், ஓடணும். இப்பவே பாத்தா சரியாயிரும். இங்கனயே இப்படி உக்காரவச்சு ஊட்டிக்கிட்டே இருந்தீங்கன்னா அடுத்த வருசம் மாத்திரை, அதுக்கடுத்து ஊசி."

மாரித்தங்கம் தலையை ஆட்டினாள். நர்ஸ் சொன்னது அவளுக்குக் கேட்டது, உள்ளே போனதா என்று தெரியவில்லை. இறக்கினால் அம்மன் எடுத்துக்கொள்வாள், இறக்காவிட்டால் சர்க்கரை எடுத்துக்கொள்ளும் என்பது மட்டும் ஒரு விளம்பரத்தின் வாசகம்போல அவளுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. அன்று மத்தியானம் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனாள். கடலைமாவு எடுக்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தன்யஸ்ரீ தட்டில் கிடந்த கொலுசைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, நான் இங்க நிக்கேன். கொலுசு மட்டுந்தான் அங்க கிடக்கு. அப்பவும் தட்டு தூக்கல. அப்போ அந்த வெயிட்டு நான் இல்லல்லா?"

செம்பு மாரித்தங்கத்தின் கையிலேயே நின்றுவிட்டது. பத்து வருஷத்தில் முதல்முறையாக அவளுக்குப் பயம் இல்லாமல் வேறொன்று வந்தது, வெட்கம் வந்தது, நெஞ்செலும்பு நோகும்படி வந்தது.

அவள் பூசாரியிடம் போய், பிள்ளைக்குப் பதில் நான் உட்காருகிறேன் என்றாள். அப்படியொரு வழக்கம் இல்லை என்றார் அவர். ஊர்க்கூட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை சாமி முன்னால் சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம் கட்டிப் போட்டு, எது வருகிறது என்று பார்த்து அம்மன் உத்தரவு கேட்கலாம் என்று முடிவு செய்தோம். மாரித்தங்கம் வெள்ளிக்கிழமைவரை நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே பிள்ளையின் கையைப் பிடித்துத் தட்டிலிருந்து எழுப்பி, கொலுசைக் கழற்றி வைக்காமல், பொன்பாண்டியிடம் ஒப்படைத்துவிட்டு, தான் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் நாற்பத்துமூன்று கிலோ. தட்டு அசையவில்லை.

"ஏளா, என்ன காரியம் பண்ணுத?" என்று பூசாரி கத்தினார்.

"ஏத்துனது நானு. பாரம் என்னது. அம்மன் கேட்டா என்னய கேக்கட்டும்" என்றாள் மாரித்தங்கம். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "இவ பொறந்ததுல இருந்து ஒரு நாளும் பசிக்குன்னு சொன்னதில்ல. சொல்லவிடாம நான் வாய அடச்சிட்டேன். இனிமே எம்பிள்ளைக்கு யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. பாக்கணும்னா வெறுங்கையோட வந்து பாருங்க."

எங்களுக்குக் கோபம் வந்தது. எவ்வளவு பெருமை பாரு என்றோம். ஜவுளிக்கடையில் அவள் இடத்தில் வேறு பெண்ணை நிறுத்திவிட்டார்கள். காலில் கிடந்த மெட்டியைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு அவள் கிணற்றடிக்குப் போய்வருவாள், திரும்ப வந்து உட்காருவாள். பிள்ளைக்குக் கொண்டுவந்த பாக்கெட்டுகளைச் சில பேர் பழக்கதோஷத்தில் அவள் மடியில் போட்டார்கள், அவள் அதைக் கோயில் பசுமாட்டுக்குக்கூடப் போடாமல் கொண்டுவந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தாள்.

பொன்பாண்டிக்குச் சோறு வடிக்கத் தெரியாது. முதல் வாரம் குழைத்தான், அடுத்த வாரம் கருக்கினான், தட்டுக்குப் பக்கத்தில் நின்று பொண்டாட்டியிடம் கேட்டுக் கேட்டுக் கீரை கடையப் படித்தான். வேன் வேலையை அவன் விடவில்லை, வேறு வேலை கிடையாது. ஆனால் நசுங்கிய பாக்கெட்டுகள் வேனோடு நின்றன. பிள்ளை தினமும் காலையில் வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்துவந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடு. முதல் நாள் அந்த இரண்டு கிலோமீட்டரில் அவள் நாலு இடத்தில் உட்கார்ந்தாள். வழியில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. அங்கே தொங்கிய பாக்கெட் சரத்தில் ஒன்றைக் கேட்டு, கடைக்காரர் தர மறுத்து, கோயில்வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

"நீ ரொம்ப மோசம். உன்னய எனக்குப் பிடிக்கல. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே என்னய விட்டுருக்கலாம்ல?" என்று தட்டுக்கு முன்னால் நின்று கத்தினாள்.

மாரித்தங்கம் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது, போய்ட்டு நாளைக்கு வா" என்றாள். பிள்ளை பாதையில் மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு எழும்பவில்லை. எழும்பியிருந்தால் எங்களுக்குச் சொல்ல நன்றாக இருக்கும், ஆனால் எழும்பவில்லை.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. வெறுங்கையோடு போய் ஒரு பிள்ளையிடம் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வழியில் அவளைப் பார்த்தால் கை தன்னால் சட்டைப்பைக்குப் போகும், ஒன்றும் இல்லாமல் திரும்ப வரும். பிறகு சில பேர் எந்த வகுப்பு என்று கேட்டார்கள். அதற்கடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் கூடவே கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்படி நடந்ததில்தான் அவளுக்கு ஊர்வழியாகப் போகிற எல்லா பஸ்ஸின் நேரமும் தெரியும் என்பதும், டீச்சரைப்போல இருமிக் காட்டுவாள் என்பதும், நாய்க்குப் பயப்படுவாள் என்பதும் எங்களுக்குத் தெரியவந்தது. பத்து வருஷமாக அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம், அவளைத் தெரியாது.

வேறு பெண்களும் மாரித்தங்கத்திடம் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எம்பயலுக்கு நூடுல்ஸைத் தவிர ஒண்ணும் இறங்காது மதினி, செல்போனைக் காட்டலன்னா வாயே திறக்க மாட்டான் என்று ஒருத்தி சொன்னாள். தட்டில் ஒரு மணி நேரம் தானும் உட்கார்ந்து பார்க்கலாமா என்று இன்னொருத்தி கேட்டாள். கோயில் நிர்வாகம், நேர்ந்துகொண்டவரைத் தவிர மற்றவர்கள் தட்டில் அமரக்கூடாது என்று போர்டு எழுதி மாட்டியது. மாரித்தங்கம் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கேட்டுக்கொண்டாள், ம் கொட்டினாள்.

மார்கழியில் ஒரு நாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்த பூசாரியின் விளக்குமாறு அவள் தட்டுக்கும் தரைக்கும் நடுவில் விழுந்திருந்த ஒரு விரல் இடைவெளியில் போய்வந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், பெருக்குவதைத் தொடர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் வரும், கூட்டம் பாக்கெட்டோடு வரும் என்று பிறகு எங்களிடம் சொன்னார். அந்த நாட்களில் பிள்ளை வழியில் எங்கும் உட்காருவதில்லை. கோபமெல்லாம் போய்விட்டது என்றும் சொல்லமுடியாது. சில நாள் நின்று பேசுவாள், சில நாள் வந்து முகத்தைக் காட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவள் வரவில்லை.

எட்டு மணிக்கு வரவேண்டியவள். ஒன்பதுக்கு மாரித்தங்கம் தெருவைப் பார்த்தாள். பத்துக்கும் பார்த்தாள். போனில் சார்ஜ் இல்லை, பூசாரி பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் அவளுக்குப் பழைய பயம் வந்தது. அம்மன் இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்குக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு கிலோ நூறு கிராமை நினைத்தாள், தாயே என்னய எடுத்துக்கோ, என்னய எடுத்துக்கோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். எங்களில் சிலர் அங்கே இருந்தோம். எங்கள் போனிலிருந்து பொன்பாண்டியைக் கூப்பிட்டுப் பார்த்தோம், லைனில் இருந்தவன் எடுக்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பொன்பாண்டியின் வேன் வந்து நின்றது. அவன் மட்டும் இறங்கினான்.

"பாப்பாவ எங்க?" என்றாள் மாரித்தங்கம்.

"பள்ளிக்கூடத்து கிரவுண்டுல. சைக்கிள் ஓட்டப் பழகுதா" என்றான் அவன். "காலைல இருந்து அங்கதான் கிடக்கா. முட்டியெல்லாம் சிராய்ப்பு. சோத்துக்குக் கூப்புட்டேன். இந்தா வாரேன்னா. வரல. நானும் லைனுக்குப் போய்ட்டேன்."

"என்னயப் பாக்க வரலன்னு சொன்னாளா?"

பொன்பாண்டி பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. "சொல்லல" என்றான். "மறந்துட்டா போல."

மறந்துவிட்டாள். மாரித்தங்கத்துக்கு அது வலித்தது, நன்றாக வலித்தது, அதே நேரத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பும் வந்தது, இரண்டில் எது முதலில் வெளியே வந்தது என்று பக்கத்தில் நின்ற எங்களுக்கே தெரியவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். நானும் பார்க்கணும், இருட்டுவதற்குள் போனால் ஓட்டுகிறதைப் பார்த்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே, எல்லா நாளும் இறங்குகிற மாதிரி வலதுகாலைத் தட்டுக்கு வெளியே நீட்டித் தரையைத் தேடினாள். கால் காற்றில் துழாவியது. இடதுகாலையும் நீட்டிப் பார்த்தாள். எதிரே நானூற்றுச் சொச்சம் கிலோ கருப்பட்டித் தட்டு தரையில் உட்கார்ந்திருந்தது.

அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"கையக் குடுங்க" என்றாள். "காலு எட்டல."